ஹப்பாவை எழுதியது யார்?

அத்தியாயம் 9

'ஹப்பா' என்ற பெயரைத் திரையில் பார்த்த நாளிலிருந்து ஜோசெட்டுக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை.

அவர்கள் வீட்டு மால்டா மொழியில் ஹப்பா என்றால் ஒரு தானியமணி. ஒலியை மணி மணியாக உதிர்த்து, அந்தத் துகள்களைத் தூவி, வேறொரு ஒலியை உண்டாக்கும் மென்பொருளுக்கு அந்தப் பெயரை வைத்தவள் அவள்தான். எட்டு வருடத்துக்கு முன்னால், செயின்ட் ஆல்பன்ஸில், தன் வீட்டின் இதே கொல்லைப்புறக் கொட்டகையில் உட்கார்ந்து.

இன்று அது பளபளவென்று கடைக்கு வந்துவிட்டது. விற்கிறவன் அவளுடைய தம்பி ரெனால்ட் டெபோனோ. 'மூன்று வருடம் தனி ஆளாக உட்கார்ந்து எழுதினேன்' என்று தன் இணையதளத்தில் போட்டிருக்கிறான். கீழே சிரித்தபடி ஒரு படம்.

அதை வாங்கலாமா, வேண்டாமா என்று பார்த்துச் சொல்லும் வேலை ஜோசெட்டிடமே வந்து சேர்ந்ததுதான் வேடிக்கை. ஃபுட்ஸ்க்ரேயில் இருக்கும் ரெட்கம் ஸ்டூடியோ தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஒலி அமைக்கிற இடம். அதன் மேலாளர் ஹெதர், ஒலிக்கான துணை மென்பொருளாக எந்தப் புது ப்ளக்-இன் வந்தாலும் முதலில் ஜோசெட்டுக்கு அனுப்புவாள்.

திங்கட்கிழமையே ஜோசெட் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டாள்.

"ஹெதர், இதை விக்கிறவன் என் தம்பி. நாங்க ரெண்டு பேரும் பேசி ஆறு வருஷம் ஆச்சு."

ஹெதர் சிரித்தாள். "அப்போ தம்பியாச்சேன்னு தூக்கி வச்சு எழுத மாட்டே. எனக்கு அது போதும்."

"தூக்கிப் போட்டு மிதிச்சு எழுதினா?"

"அதுக்குத்தான் நீ செய்யற டெஸ்ட்டையெல்லாம் நானும் ஒரு தடவை ஓட்டிப் பாத்துடறேன். வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள அனுப்பு."

இன்று வியாழக்கிழமை.

கோடை முடிந்து மார்ச் மாதம் பிறந்தும் வெயில் குறையவில்லை. வடக்கிலிருந்து அனல் காற்று அடித்தது. டல்லமரீன் விமான நிலையத்தில் இறங்கப் போகும் விமானம் ஒன்று கூரைக்கு மேலே இரைந்து போகும்வரை காத்திருந்துவிட்டு, ஜோசெட் வேலையை ஆரம்பித்தாள்.

ஹப்பாவுக்குள் அவள் போட்டது ஒரு சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சத்தம். மெயின் ரோடு வாகன நிறுத்தத்தில் அவளே பதிவு செய்தது. சக்கரம் ஒன்று கிறீச்சிட, கம்பிகள் கடகடக்க, காதுக்கு ஆகாத சத்தம்.

துகளின் நீளத்தைக் குறைத்தாள். அடர்த்தியை ஏற்றினாள். கடகடப்பு மெல்லக் கரைந்தது. கிறீச்சொலி இழை இழையாகப் பிரிந்து நீண்டு, யாரோ வெகு தூரத்தில் ஆர்கன் வாசிப்பதுபோல் ஆனது. பிறகு அதுவும் போய், கடல் மூச்சு விடுவதுபோல ஒன்று அறையை நிறைத்தது.

அழகாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. குப்பையாக இருந்திருந்தால் ஒரே வரியில் எழுதிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

'ஒலித் தரம்: மிக நன்று' என்று எழுதினாள். பொய் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. பொய்யெல்லாம் தம்பி பக்கத்திலேயே இருக்கட்டும்.

அடுத்தது வடிவம். ஹப்பா இரண்டு வடிவங்களில் வருகிறது: வி.எஸ்.டி., ஏ.யூ. ரெட்கமின் எடிட்டிங் அறைகளுக்கு இவை போதும். மிக்ஸிங் அறைகள் இரண்டும் ஏ.ஏ.எக்ஸ். என்கிற வடிவத்தைத் தவிர வேறொன்றையும் திறக்காது. அந்த வடிவத்தில் ஹப்பா இல்லை.

பிறகு உரிமம். ஓர் உரிமத்துக்கு இரண்டு கம்ப்யூட்டர். முப்பது நாளைக்கு ஒருமுறை இணையத்துக்குப் போய்த் தலையைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் ஊமையாகிவிடும். ரெட்கமின் மிக்ஸிங் அறைகளுக்கு இணையமே கிடையாது. வெளிவராத படம் கசிந்துவிடக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் அப்படி ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

வேண்டாம் என்று சொல்ல இந்த இரண்டு காரணமே போதும். நேர்மையான காரணங்கள். ஹெதர் மறுபேச்சு பேசமாட்டாள்.

ஆனால் ஜோசெட்டுக்குப் போதவில்லை. ஒரு விற்பனை போனால் ரெனால்ட் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஸ்டூடியோவுக்குப் போவான். இணையதளத்தில் அந்தப் படம் சிரித்துக்கொண்டேதான் இருக்கும்.

அவள் ஹெட்போனைக் கழற்றி, வலது இடது மாற்றி மாட்டிக்கொண்டாள்.

ஆறு வருடத்துக்கு முன் அவளுடைய இடது காதுக்குப் பின்னால் ஒரு கட்டி வந்தது. எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, அந்தக் காது போய்விட்டது. அன்றிலிருந்து எந்த ஒலியையும் அவள் இரண்டு தடவை கேட்கிறாள். முதலில் வலது பக்கம். பிறகு ஹெட்போனைத் திருப்பி மாட்டி, இடது பக்கத்தையும் அதே வலது காதால்.

தள்ளுவண்டிக் கடல் மறுபடி மூச்சு விட்டது. ஜோசெட் கண்ணை மூடிக் கேட்டாள்.

அப்போதுதான் காதில் பட்டது.

ஒரு நொண்டல். பதினோரு துகளுக்கு ஒரு துகள், மயிரிழை தாமதமாக வந்து விழுந்தது. இடது பக்கம் மட்டும். தெரியாதவர்களுக்கு அது கேட்கவே கேட்காது.

அவளுக்குத் தெரியும். அது அவள் செய்த தப்பு. இடது பக்கக் கணக்கில், ஒன்று என்று எழுத வேண்டிய இடத்தில் பூஜ்யம் என்று எழுதியிருந்தாள். கண்டுபிடித்த மறுநாள் தலைசுற்றி விழுந்தாள். அடுத்த வாரம் ஆபரேஷன். திருத்தவே இல்லை.

ஜோசெட் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

ஹப்பாவின் முதல் பதிப்பை அவள் ஊருக்கே திறந்து வைத்திருந்தாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால் அதை வைத்துச் செய்த பொருளை விற்றால், மூல நிரலையும் அதே நிபந்தனையோடு வாங்குகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அதுதான் அந்த உரிமம். ரெனால்ட் மூலத்தைக் கொடுக்கவில்லை. அதை மீறல் என்று சொல்லலாம், வக்கீல் வைத்து இழுக்கலாம்.

ஆனால் முதல் பதிப்பில் இந்த நொண்டல் இல்லை. இது இரண்டாம் பதிப்பில் வந்தது. அந்த இரண்டாம் பதிப்பு இந்தக் கொட்டகையைவிட்டு வெளியே போனதே இல்லை. அவள் கம்ப்யூட்டரைத் தவிர ஒரே ஒரு டிஸ்க்கில், பூட்டிய அலமாரியில் இருந்தது; ஆபரேஷனுக்குப் பிறகு அந்த அலமாரியை அவள் திறக்கவே இல்லை.

அப்போது ரெனால்ட் இன்றுபோல் இதே ஊரில் இல்லை; நாட்டின் மறுகோடியில், பெர்த்தில் இருந்தான். ஆபரேஷனுக்குக்கூட வரவில்லை. அவன் கைக்கு அது எப்படிப் போயிற்று?

யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை. மணி பத்தரை. ஜோசெட் ஹெதரைக் கூப்பிட்டாள்.

"ஹெதர், சத்தம் ரொம்ப நல்லாருக்கு. ஏ.ஏ.எக்ஸ். வடிவமும், இணையம் இல்லாம ஓடற உரிமமும் குடுத்தா வாங்கலாம்."

"அட! நீயா சொல்றே?"

"ஒரு நிபந்தனை. நம்ம மூல உறுதிமொழி ஃபார்ம் இருக்குல்ல, அதுல கையெழுத்து வாங்கிடு. இன்னைக்கே."

"அதைப் பெரிய கம்பெனிகள்கிட்டதானே வாங்குவோம்? நாம வாங்கப் போற பதினாறு உரிமத்துக்கு அது எதுக்கு?"

"நம்ம தொடர் வெளிநாட்டுக்குப் போகுது. நாளைக்கு யாராவது வந்து இது என்னுதுன்னு நின்னா, உன் தலைதான் உருளும்."

ஹெதர் குரலைத் தாழ்த்தினாள். "ஜோ, எனக்கு ஏதோ தெரியாம இருக்கா?"

"நாலு மணிக்குச் சொல்றேன். சத்தியமா."

"சரி, அனுப்பறேன். மதிப்பீட்டாளர்னு உன் பேரும் அதுல இருக்கும், பரவாயில்லையா?"

"இருக்கட்டும். அவன் பாக்கணும்."

அந்தப் படிவத்தை ஜோசெட் மனப்பாடமாகவே சொல்வாள். 'இந்த மென்பொருளின் ஒவ்வொரு வரியும் நாங்களே எழுதியது, அல்லது எழுதியவரின் முறையான அனுமதியுடன் பெறப்பட்டது. இது பொய்யென்று தெரியவந்தால் முழுப் பொறுப்பும் எங்களுடையது.' கம்பெனியின் எல்லா இயக்குநர்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

ரெனால்டுக்கு இரண்டே வழி. பொய்யில் கையெழுத்துப் போடலாம். அல்லது அக்காவிடம் வந்து அனுமதி கேட்கலாம்.

பன்னிரண்டே காலுக்கு வந்தேவிட்டான்.

கேட் சத்தம் கேட்டது. கொட்டகைக் கதவில் நிழல் விழுந்தது. கையில் அட்டைப் பெட்டி. சூடான மால்டா பலகாரம், பஸ்டிட்ஸியின் வெண்ணெய் வாசனை அவனுக்கு முன்னால் உள்ளே வந்தது.

"ஜோ." ஆறு வருடத்தில் முன்தலையில் வழுக்கை ஏறியிருந்தது. சட்டை மட்டும் புதுசு. "ரிக்கோட்டா சீஸ் வச்சதுதான். உனக்குப் பட்டாணி பிடிக்காதுன்னு ஞாபகம் இருக்கு."

"எனக்கு எந்தக் காது போச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"இடது. நீ வலது பக்கம் வந்து நின்னு பேசு."

அவன் நகர்ந்து நின்றான். "உன் பேரை ஃபார்ம்ல பாத்ததும் பயந்துட்டேன். அப்புறம் அந்த ஹெதர் சொன்னாங்க, சத்தம் மிக நன்றுன்னு நீ எழுதியிருக்கேன்னு. நம்பவே முடியல. தேங்க்ஸ், ஜோ."

"நல்லாருக்கு. எழுதினேன்."

"நான் வேற என்னவோ நெனச்சேன்."

"என்ன நெனச்சே?"

"பழி வாங்குவேன்னு."

ஜோசெட் சிரித்தாள். "எதுக்குடா பழி வாங்கணும்? நீ என்ன பண்ணிட்டே?"

ரெனால்ட் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். முழங்கையைத் தடவிக்கொண்டான். சின்ன வயதிலும் பொய் சொல்வதற்கு முன்னால் இதையேதான் செய்வான்.

"பாரு, அந்த முதல் பதிப்பு... நீ ஊருக்கே எழுதி வச்சதுதானே? யார் வேணா எடுக்கலாம்னுதானே போட்டிருந்தே?"

"எடுக்கலாம். வித்தா மூலத்தையும் குடுக்கணும்னு அடுத்த வரி இருக்கு. நீ எப்பவும் பாதி வரிதான் படிப்பே."

"அதான் சொல்ல வர்றேன். நான் அதைத் தொடவே இல்ல. அடியிலேர்ந்து முழுக்க நானா எழுதினது."

"முழுக்க?"

"முழுக்க."

"ஒரு வரிகூட என்னுது இல்லை?"

ஜோசெட் அவன் முகத்தையே பார்த்தாள். அந்தக் கணத்தில் அவளுக்கே தெரியாமல் ஓர் ஆசை முட்டிக்கொண்டு வந்தது. ஒத்துக்கொள்ளடா. 'ஆமாம், உன்னுதுதான்' என்று ஒரு வார்த்தை சொல். சொன்னால் அந்தப் படிவத்தை நானே கிழித்துப் போட்டுவிடுகிறேன். அந்தப் பெட்டியைத் திறந்து, ரெண்டு பேரும் சாப்பிடலாம்.

"ஒரு வரிகூட இல்ல," என்றான் ரெனால்ட். பிறகு தாராள மனசோடு சொன்னான்: "ஆனா பேரு நீ வச்சது. அதை நான் மறுக்கல. வேணும்னா அடுத்த பதிப்புல சிறப்பு நன்றின்னு உன் பேரைப் போடறேன். கடைசிப் பக்கத்துல."

ஆசை அவிந்தது. அந்த இடத்தில் சில்லென்று ஒன்று வந்து உட்கார்ந்தது.

"போடு," என்றாள் ஜோசெட். "ஏ.ஏ.எக்ஸ். எப்போ குடுப்பே?"

"ஒரே வாரம். ஆள் இருக்கு."

"இணையம் இல்லாத உரிமம்?"

"பதினாறுக்கும் தனிச் சாவி போட்டுக் குடுத்துடறேன். வேற ஏதாவது குறை தெரிஞ்சா சொல்லு ஜோ, சரி பண்ணிடலாம். நீ கேக்கற மாதிரி யாரும் கேக்க மாட்டாங்க."

அந்த நொண்டல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. இரண்டு காதும் இருக்கிறவனுக்கு அது கேட்கவில்லை. இருக்கட்டும்.

"குறை ஒண்ணும் இல்ல. போய்க் கையெழுத்தைப் போட்டு அனுப்பு. நாலு மணிக்குள்ள."

"அது சும்மா ஃபார்ம்தானே?"

"சும்மா ஃபார்ம்தான்."

அவன் எழுந்தான். கதவருகே போய்த் திரும்பினான். கண் லேசாகக் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது, அதுதான் ரெனால்ட்.

"நீ இப்படிப் பெரிய மனசு பண்ணுவேன்னு நான் எதிர்பாக்கல. அம்மாகிட்ட சொன்னா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க தெரியுமா?"

கார் கிளம்பிய சத்தம் அடங்கியதும் ஜோசெட் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், மூடியைக்கூடத் திறக்காமல், வெளியே குப்பைத் தொட்டியில் போட்டாள்.

மூன்று மணி நேரத்தில் எல்லாம் தயாரானது. அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் ஒரு காப்பு இருந்தது. அதில் இரண்டாம் பதிப்பின் ஒவ்வொரு வரிக்கும் தேதி இருந்தது. பூஜ்யம் போட்ட அந்த வரியும் இருந்தது. பழைய ஹப்பாவில் தள்ளுவண்டியை ஓட்டிப் பதிவு செய்தாள். புது ஹப்பாவிலும் அதேபோல். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தபோது, நொண்டல் துல்லியமாக ஒரே இடத்தில் விழுந்தது. அவள் காதை நம்பாதவர்கள் திரையில் கோடாகவே பார்த்துக்கொள்ளலாம்.

ஹெதருக்குக் கடிதம் எழுதினாள். சுருக்கமாக, கோபமே இல்லாமல். இதை எழுதியவள் நான். என் அனுமதி இல்லை. சான்றுகள் இணைப்பில். இந்த உறுதிமொழி பொய்.

கையெழுத்து வரவேண்டியதுதான் பாக்கி.

மூன்று நாற்பதுக்கு வந்தது. ஹெதர் ஒரு வரியோடு அனுப்பியிருந்தாள்: 'தம்பி போட்டுவிட்டார். இப்போது சொல்.'

ஜோசெட் திறந்தாள். ரெனால்ட் டெபோனோ, இயக்குநர். வளைத்து வளைத்துப் போட்ட கையெழுத்து. வாய்க்குள் இனிப்பதுபோல இருந்தது அவளுக்கு. போட்டுவிட்டான்.

அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து.

கார்மென் டெபோனோ, இயக்குநர்.

பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்துப்போல் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நிமிர்ந்து நின்றது. அம்மா.

ஜோசெட் எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். அம்மாவுக்குக் கம்ப்யூட்டரைத் திறந்து மூடக்கூடத் தெரியாது. கம்பெனிக்கு இன்னொரு பெயர் தேவைப்பட்டிருக்கும். 'இங்க போடும்மா' என்று விரலால் காட்டியிருப்பான். பொய் வெளியே வந்தால் முழுப் பொறுப்பு அம்மா தலையிலும் விழும்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். 'இரண்டாவதாகக் கையெழுத்திட்டிருப்பவர் எங்கள் தாய். அவருக்கு இதுபற்றி எதுவும் தெரியாது. அவரை இதில் சேர்க்க வேண்டாம்.'

அனுப்பப் போன விரல் நின்றது. கேட்டுவிடுவது நல்லது.

போனை வலது காதில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது மணியிலேயே அம்மா எடுத்தாள்.

"அல்பி, என் செல்லமே! இப்பதான் ரெனால்ட் சொல்லிட்டுப் போனான். என் பொண்ணு நல்ல மனசுக்காரின்னு எனக்குத் தெரியும். தெருவுல போறவங்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லணும்போல இருக்கு."

"மா, ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேனே. அவன் காரை ஆஃப் பண்ணாமகூட ஓடி வந்தான்."

"அதுல என்ன எழுதியிருந்துதுன்னு தெரியுமா?"

"படிச்சுத்தான் காட்டினான். எல்லாம் நாங்களே எழுதினதுன்னு."

"யாரு எழுதினது, மா?"

மறுமுனையில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அம்மா நாற்காலியை இழுத்தாள்.

"நீ கேக்க மாட்டேன்னு நெனச்சேன்," என்றாள். குரல் தணிந்திருந்தது. "நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப வீட்டுச் சாவி, அலமாரிச் சாவி எல்லாம் என்கிட்டதானே இருந்துது. அந்த டிஸ்க்கை அலமாரியிலேர்ந்து எடுத்துத் தபால்ல பெர்த்துக்கு அனுப்பினது நான்தான்."

வெளியே காற்று கூரைத் தகரத்தை ஒருமுறை தூக்கிப் போட்டது.

"அவன் கேட்டானா?"

"இல்ல. அவன் பாவம் ஒண்ணும் கேக்கல. வேலை இல்லாம அங்க அல்லாடிட்டிருந்தான். நானாத்தான் அனுப்பினேன்."

"என்னுதுன்னு தெரிஞ்சே அனுப்பினியா?"

"தெரியாமலா? ராத்திரி பகலா நீ உக்காந்து எழுதினதைப் பாத்தவதானே நான்." அம்மா பெருமூச்சு விட்டாள். "நீ தலையில கட்டோட படுத்திருந்தே. ஒத்தக் காதை வச்சுக்கிட்டு இனிமே நீ அந்த வேலையெல்லாம் எங்க பண்ணப் போறேன்னு நெனச்சேன். வீணாப் போறதுக்கு, அவனாவது பொழைச்சுக்கட்டுமேன்னு."

ஆபரேஷன் முடிந்து பத்து நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து, 'எல்லாம் சரியாயிடும், அல்பி, நீ மறுபடி கொட்டகைக்குப் போய் உக்காருவே' என்று தலையைத் தடவிக்கொண்டே இருந்த கை அது. எந்த நாளில் தபால் நிலையத்துக்குப் போயிருக்கும்?

"கோவமா இருக்கியா?"

"இல்லை, மா."

"அதான் நீயே பெரிய மனசு பண்ணிட்டியே. இனிமே எதுக்குப் பழசையெல்லாம்? ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வா. முயல் கறி வைக்கிறேன், நிறைய ஒயின் ஊத்தி, உனக்குப் பிடிச்ச மாதிரி. ரெனால்டும் வர்றான். ஆறு வருஷம் கழிச்சு எம் பிள்ளைங்க ரெண்டு பேரும் ஒரே மேஜையில. வருவியா?"

மணி மூன்று ஐம்பத்தாறு.

"வர்றேன், மா," என்றாள் ஜோசெட்.

போனை வைத்தாள். கடிதத்தின் கடைசி வரிக்குப் போனாள். 'அவரை இதில் சேர்க்க வேண்டாம்.' அதை அழித்தாள். அதற்கு முன்னால் இருந்த 'அவருக்கு இதுபற்றி எதுவும் தெரியாது' என்பதையும், ஓர் எழுத்து விடாமல், அழித்தாள்.

பிறகு அனுப்பினாள்.